எத்தனை கட்டைத் தோடி?

ஹைஃபை உலகத்தில் ஒரு வரிசை உண்டு. முதலில் டர்ன்டேபிள், அப்புறம் டோன்ஆர்ம், அப்புறம் காட்ரிட்ஜ், பிறகுதான் ஆம்ப்ளிஃபையரும் ஸ்பீக்கரும். பட்ஜெட்டையும் இந்த வரிசைப்படிதான் பிரிக்க வேண்டும் என்பார்கள். இது எப்போதும் இப்படி இருக்கவில்லை. 1970-களின் தொடக்கம் வரை ஸ்பீக்கர்தான் முக்கியம், தட்டைச் சுழற்றுவதற்கு ஏதோ ஒரு மோட்டார் இருந்தால் போதும் என்றுதான் பொதுவாக நினைத்தார்கள். 1973-ல் கிளாஸ்கோவில் லின் நிறுவனத்தைத் தொடங்கிய ஐவர் டீஃபன்ப்ரன் அதைத் தலைகீழாக்கினார். சோண்டெக் எல்பி12 என்ற தன் டர்ன்டேபிளை விற்க அவர் முன்வைத்த வாதம் எளிமையானது: தட்டிலிருந்து எடுக்கும்போதே தொலைத்துவிட்ட ஒன்றை, பின்னால் வரும் எந்த ஸ்பீக்கராலும் மீட்டுத் தர முடியாது. நம் பாட்டிகள் இதை இன்னும் சுருக்கமாகச் சொல்லியிருக்கிறார்கள். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

இந்த வாதத்தோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அது ஒரு படி முன்னாடியே நின்றுவிடுகிறது. டர்ன்டேபிளுக்கும் முன்னால் ஒன்று இருக்கிறது, இசைத்தட்டு. எந்த ஊரில், எந்த வருஷத்தில், எந்த வேகத்தில் வெட்டப்பட்டது, யார் வாசித்தது, இதுவரை எத்தனை முள் அதன்மேல் ஓடியிருக்கிறது? மூலம்தான் முதல் என்று அடித்துப் பேசுகிற மதிப்புரைகள் இந்தக் கேள்விகளைக் கேட்பதே இல்லை. அவர்கள் கையிலிருப்பது புத்தம்புதிய 180 கிராம் மறுபதிப்பு. பெரும்பாலும் ஜாஸ், இல்லாவிட்டால் ஏதாவது ஒரு பெண்குரலும் கிட்டாரும். அந்தத் தட்டுக்குச் சரியான கருவியைத்தான் அவர்கள் சிபாரிசு செய்கிறார்கள். உங்கள் வீட்டுப் பரணில் இருப்பது அந்தத் தட்டு இல்லை.

இதையெல்லாம் யோசிக்க வைத்தவர் தரங்கம்பாடியில் இருக்கும் ஓர் அண்ணன். வளைகுடாவில் இருபது வருஷம் வேலை பார்த்துவிட்டு அப்பா கட்டிய வீட்டுக்குத் திரும்பி வந்தவர். அப்பா விட்டுப்போன தட்டுகள் முந்நூற்றுச் சொச்சம் இருக்கும். ஃபோனில் அவர் சொன்னது இவ்வளவுதான்: “தம்பி, மூணு லட்சம் ஒதுக்கி வச்சிருக்கேன். எல்லாரும் எல்பி12ங்கிறான். டென்மார்க்காரன் பண்ற ஆர்டோஃபோன் எஸ்பியு காட்ரிட்ஜ்ங்கிறான். நம்ம ஊர்ல டேனிஷ்காரன் கோட்டையே நிக்குது, முள்ளும் அவன்கிட்டயே வாங்கிருவமே!”

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனாலும் இந்த ஊர்ச் சம்பந்தம் கொஞ்சம் நின்று பார்க்கத் தகுந்தது. 1620-ல் டேனிஷ்காரர்களுக்கு இங்கே கோட்டை கட்ட இடம் கொடுத்தவர் தஞ்சை ரகுநாத நாயக்கர். டென்மார்க் அரசருக்கு அவர் அனுப்பிய கடிதம் தங்கத் தகட்டில் பொறிக்கப்பட்டது, இன்றும் கோபன்ஹேகனில் இருக்கிறது. தகட்டில் ஊசியால் கீறிச் செய்தி அனுப்புவதை நாம்தான் முதலில் ஆரம்பித்தோம் என்று வேண்டுமானால் பெருமை பேசிக்கொள்ளலாம். ஆனால் ரகுநாதர் இந்தக் கட்டுரைக்குள் வர இன்னொரு காரணம் உண்டு. அவர் சங்கீதக்காரர். இருபத்துநாலு மெட்டுகளை மெழுகில் நிரந்தரமாகப் பதித்த தஞ்சாவூர் வீணை அவர் காலத்தில்தான் நிலைபெற்றது என்பது மரபு. மெட்டு நகராது, ஸ்வரத்துக்கு இடம் நிச்சயம். கோட்டைக்கு நிலம் தந்த கையும் ஸ்ருதிக்கு இடம் நிச்சயித்த கையும் ஒன்றுதான் என்பது டர்ன்டேபிள் பற்றிப் பேசும்போது எனக்கு அடிக்கடி ஞாபகம் வருகிறது. ஏனென்றால் டர்ன்டேபிள் செய்ய வேண்டிய முதல் வேலையும் அதுதான், ஸ்ருதியை நகரவிடாமல் பிடித்துவைப்பது.

மோட்டார் கதைக்கு வருவோம். எல்பி12-இன் ஆரம்ப மாதிரிகள், தோரன்ஸ், ரேகா பிளானர் 3 போன்ற பெல்ட் டிரைவ் டர்ன்டேபிள்கள் பெரும்பாலும் ஏசி சிங்க்ரனஸ் மோட்டாரில் ஓடியவை. சுவரிலிருந்து வரும் மின்சாரத்தின் அதிர்வெண் எவ்வளவோ, அதைப் பிடித்துக்கொண்டு சுற்றும். பிரிட்டனில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் ஆடாமல் நின்றதால் அது அங்கே குறையாகத் தெரியவில்லை. இங்கே அப்படியா? இரண்டாயிரத்தின் தொடக்கம் வரை தென்னிந்திய மின்கட்டம் 49-க்கும் கீழே இறங்குவது சர்வசாதாரணம். 48.5 ஹெர்ட்ஸில் நிற்கும் ஒரு மாலையை எடுத்துக்கொள்ளுங்கள். தட்டு மூன்று சதவீதம் மெதுவாகச் சுற்றும். ஸ்ருதி 53 சென்ட் இறங்கும், அதாவது ஏறக்குறைய கால் கட்டை. எம்.எஸ். கால் கட்டை கீழே பாடுவார். பம்ப்செட்டுகளுக்கு மும்முனை மின்சாரம் விட்ட நேரத்தில் கச்சேரித் தட்டு போட்ட டெல்டா வீடுகளில் எத்தனை பேர் இதைக் கேட்டிருப்பார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன். கூடவே வயலினை எடுத்து வைத்துக்கொண்டு வாசித்துப் பழகியவர்கள் நிச்சயம் கண்டுபிடித்திருப்பார்கள்.

இப்போது கட்டம் அப்படி இல்லை. 49.90-க்கும் 50.05-க்கும் நடுவில் நிற்க வேண்டும் என்பது விதி, பெரும்பாலும் நிற்கிறது. மிஞ்சிப்போனால் மூணு நாலு சென்ட் வித்தியாசம், அது காதுக்குத் தெரியாது. ஆனால் புயல் மாதங்களில் தரங்கம்பாடியில் கரண்ட் போனால் இன்வெர்ட்டர்தான் கதி. மலிவான இன்வெர்ட்டர் தருவது சதுர அலை. சிங்க்ரனஸ் மோட்டார் அதில் ஓடும், ஆனால் முனகிக்கொண்டே ஓடும், அந்த முனகல் பெல்ட் வழியாகத் தட்டுக்கு வந்து சேரும். லின்னே இதை ஒருவகையில் ஒத்துக்கொண்டது. 1982-ல் வந்த வல்ஹல்லா என்ற மின்வழங்கி, குவார்ட்ஸ் படிகத்தை வைத்துத் தன் 50 ஹெர்ட்ஸைத் தானே தயாரித்துக்கொண்டது. ஆனால் டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 இரண்டாம் மாதிரி, பெல்ட்டே இல்லாமல், குவார்ட்ஸ் கட்டுப்பாட்டில் சுற்றும் மோட்டாரோடு, 1979-லேயே வந்துவிட்டது. ஹைஃபை பத்திரிகைகள் அதை நெடுங்காலம் டிஜேக்களின் மெஷின் என்று ஒதுக்கிவைத்தன. 2010-ல் உற்பத்தி நின்று, 2016-ல் பல மடங்கு விலையில் திரும்பி வந்த பிறகுதான் அதே பத்திரிகைகளுக்கு அதன் அருமை தெரிந்தது. விலை கூடினால் காது திறக்கிற வியாதி நமக்கு மட்டும் இல்லை போலிருக்கிறது.

எனக்கு டெக்னிக்ஸ் பிடிப்பதற்குக் காரணம் நிலையான வேகம் மட்டுமில்லை. அந்த வேகத்தை மாற்ற முடியும் என்பதுதான் பெரிய காரணம். பக்கத்தில் ஒரு ஸ்லைடர், எட்டு சதவீதம் மேலே, எட்டு சதவீதம் கீழே. புது மாதிரிகளில் பதினாறு வரை போகலாம், 78-உம் உண்டு. பியூரிஸ்ட்டுகள் இதைத்தான் கேலி செய்வார்கள். வேகம் என்றால் 33⅓, அதை எதற்கு மாற்ற வேண்டும்? அவர்கள் கேட்கிற தட்டுகளுக்கு அது நியாயமான கேள்வி. அண்ணன் வீட்டு அலமாரியில் இருக்கும் தட்டுகளுக்கு இல்லை.

அந்த அலமாரியை மூன்றாகப் பிரிக்கலாம். ஒன்று, எச்எம்வியின் டம்டம் ஆலையில் அழுத்திய கர்நாடக சங்கீத எல்பிகள், பாதிக்கு மேல் மோனோ. இரண்டு, எழுபது எண்பதுகளின் சினிமாத் தட்டுகள், இளையராஜாவின் 1986 ‘ஹவ் டு நேம் இட்’ உட்பட, ஸ்டீரியோ. மூன்றாவது கட்டுதான் அப்பாவின் உயிர். பழுப்பு உறைகளில் நாற்பது ஐம்பது அரக்குத் தட்டுகள், 78-கள், முக்கால்வாசி நாகஸ்வரம். இந்த ஊரிலிருந்து மயிலாடுதுறைக்குப் போகும் சாலையில்தான் செம்பனார்கோவில் இருக்கிறது, ரக்தி மேளத்துக்குப் பேர் போன பரம்பரையின் ஊர். அதைத் தாண்டி மேற்கே போனால் டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் திருவாவடுதுறை, அதற்கும் அந்தப் பக்கம் நாகஸ்வரம் செய்யும் நரசிங்கம்பேட்டை. டெல்டாவின் இந்தக் கீற்றுக்குள் பிறந்த சத்தத்தைத்தான் அந்த உறைகளுக்குள் வைத்திருந்தார் அப்பா.

78 என்ற எண்ணே ஒரு சமரசம். வேகம் நன்றாகத் தரப்படுவதற்கு முன்னால் வந்த தட்டுகள் எழுபதுகளின் நடுவிலிருந்து எண்பதைத் தாண்டி வரைக்கும் பலவிதமாக வெட்டப்பட்டன. உறையில் 78 என்று போட்டிருந்தாலும் பதிவு நடந்த அன்று மெழுகு எந்த வேகத்தில் சுழன்றது என்று தட்டுக்கே தெரியாது. 80-ல் வெட்டியதை 78-ல் போட்டால் 44 சென்ட் இறங்கும். 74-க்கும் 82-க்கும் உள்ள தூரம் 178 சென்ட், கிட்டத்தட்ட ஒரு முழுக் கட்டை. மேற்கத்திய இசையில் இதைச் சரிசெய்ய ஒரு வழி இருக்கிறது. பாட்டு எந்த ஸ்வர நிலையில் எழுதப்பட்டது என்று அச்சிட்ட நோட்டேஷனைப் பார்த்து வேகத்தைத் திருத்தலாம். நமக்கு அது கிடையாது. தோடி எந்தக் கட்டையிலும் தோடிதான்.

இங்கேதான் விஷயம் வெறும் ஆடியோ பொழுதுபோக்கைத் தாண்டிப் போகிறது. நாகஸ்வர வரலாற்றில் பெரிய திருப்பமாகச் சொல்லப்படுவது திமிரியிலிருந்து பாரிக்கு மாறியது. திமிரி குட்டையானது, நாலு நாலரை அஞ்சு கட்டை என்று உச்சத்தில் கத்தும். ராஜரத்தினம் பிள்ளை நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரியோடு சேர்ந்து நீளமான பாரி நாயனத்தை உருவாக்கி, ஸ்ருதியை இரண்டு, இரண்டரை வரை இறக்கினார். பாட்டுக்காரர்களின் ஸ்ருதிக்குப் பக்கத்தில் நாகஸ்வரம் வந்ததும், கோயில் வாசலிலிருந்து கச்சேரி மேடைக்கு அது ஏறியதும், அவருடைய ஆலாபனைகளுக்கு அந்த ஆழம் கிடைத்ததும் இந்த மாற்றத்தோடு பிணைந்தவை. இதற்கு ஒலிச் சாட்சி என்ன? அவருடைய தட்டுகள், அவருக்கு முந்தியவர்களின் தட்டுகள். அந்தத் தட்டுகள் இன்று பெரும்பாலோருக்கு இணையத்தில் யாரோ ஏற்றிய கோப்புகளாகத்தான் கிடைக்கின்றன. ஏற்றியவர் எந்த வேகத்தில் ஓட்டினார், எந்த முள், எந்த ஈக்வலைசேஷன்? எழுதிவைத்திருப்பவர்கள் அபூர்வம். ஒரே ஆலாபனை இரண்டு இடங்களில் இரண்டு ஸ்ருதியில் கிடைக்கும். கீழே ஒருவர் “அந்தக் காலத்தில் மூணு கட்டையில் அசால்ட்டாக வாசித்தார்” என்று மெய்சிலிர்த்திருப்பார். அவர் புகழ்வது பிள்ளையையா, பெல்ட் தளர்ந்த ஒரு மோட்டாரையா என்று சொல்வதற்கு வழியில்லை.

டர்ன்டேபிளைப் பற்றி எழுதுகிறவர்கள் வவ், ஃபிளட்டர் என்று தசமப் புள்ளிக்குப் பின்னால் இரண்டு மூன்று இலக்கம் போட்டு மயங்குவார்கள். டெக்னிக்ஸுக்கு 0.025 சதவீதம். நல்லதுதான். ஆனால் டம்டமில் அழுத்திய தட்டின் நடுத்துளை அரை மில்லிமீட்டர் விலகியிருந்தால், தட்டின் நடுப்பகுதியில் வேகம் அரை சதவீதம் கூடியும் குறைந்தும் ஆடும். மெஷினின் குறையை விட இருபது மடங்கு. பியானோவில் இது உடனே தெரியும் என்பார்கள். நமக்கு அதைவிட நல்ல அளவுகோல் இருக்கிறது, தம்புராவும் ஒத்தும். ஒரு நாகஸ்வரத் தட்டில் மேளக்காரர் மூச்சு வாங்கும் இடத்தில் ஒத்து மட்டும் தனியாக நிற்கும் பாருங்கள், அந்த நொடியில் தட்டின் துளை மையத்தில் இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடலாம். எண்பதுகளின் தொடக்கத்தில் நக்கமிச்சி என்ற ஜப்பானியக் கம்பெனி தட்டின் மையத்தைத் தானே அளந்து நகர்த்திக்கொள்ளும் டர்ன்டேபிள் செய்தது. அந்த யோசனையைத் தொழிலில் மற்றவர்கள் பெரிதாகத் தொடரவில்லை. பிளாட்டரின் எடையைக் கூட்டுவது சுலபம், போட்டோவில் அழகாகவும் இருக்கும்.

முள்ளுக்கு வருவோம். என் கணக்கில் பணத்தையும் யோசனையையும் அதிகம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். அரக்குத் தட்டின் தடம் அகலமானது, அதற்கு 65 முதல் 75 மைக்ரான் ஆரம் கொண்ட முனை வேண்டும். பழைய மோனோ எல்பிக்கு 25 மைக்ரான். ஸ்டீரியோவுக்கு 18. ஸ்டீரியோ முள்ளை 78-ல் வைத்தால் அது தடத்தின் சுவரைத் தொடாமல் அடிமட்டத்தில், எண்பது வருஷத்துக் குப்பையில் உருண்டுகொண்டு போகும். வருவது ராஜரத்தினம் இல்லை, கிறுகிறுப்பு. அண்ணன் வீட்டில் இன்னும் இருக்கிற எச்எம்வி ஃபியஸ்டா தலைமுறைப் பெட்டிகளில் பலவற்றில் முள்ளைத் திருப்பும் குட்டிக் கைப்பிடி ஒன்று இருக்கும். ஒரு பக்கம் 78-க்கு, திருப்பினால் எல்பிக்கு. சாதாரணக் குடும்பம் வாங்கிய பிளாஸ்டிக் பெட்டிக்கு இருந்த இந்தப் புத்தி, இன்று பத்து லட்சத்துக்கு விற்கும் அமைப்புக்குக் கிடையாது. அது ஒரே ஒரு முள்ளோடு வரும், அந்த ஒன்றை மாற்றவே கை நடுங்கும்.

எல்பியில் வேறொரு பிரச்னை, அது நம் கச்சேரி முறையோடு நேரடியாக மோதுகிறது. தட்டு ஒரே வேகத்தில் சுற்றினாலும், வெளி விளிம்பில் முள்ளுக்கு அடியில் தடம் நொடிக்கு 51 சென்டிமீட்டர் ஓடுகிறது, லேபிளுக்குப் பக்கத்தில் வெறும் 21. பத்தாயிரம் ஹெர்ட்ஸ் அதிர்வு ஒன்று வெளியே 51 மைக்ரான் நீளத்துக்குப் படுத்திருக்கும், உள்ளே அதையே 21 மைக்ரானுக்குள் மடித்துவைத்திருப்பார்கள். 18 மைக்ரான் ஆரமுள்ள உருண்டை முனை அந்த மடிப்புக்குள் எப்படிப் போகும்? போகாது, மேலே ஏறித் தாவும். சினிமாத் தட்டில் கடைசிப் பாட்டு பாதிக்கப்படும், பரவாயில்லை, அங்கே சுமாரான பாட்டைத்தான் வைத்திருப்பார்கள். கச்சேரித் தட்டில் நிலைமை வேறு. ஆலாபனை வெளி விளிம்பில் சொகுசாக நடக்கும். கீர்த்தனை, நிரவல், கல்பனாஸ்வரம் என்று சூடு ஏற ஏற முள் உள்ளே போகும். தனி ஆவர்த்தனத்தின் மோராவும் கோர்வையும் மிகக் குறுகலான தடத்தில் போய் விழும். மிருதங்கத்தின் ‘சாப்பு’ தெறிக்க வேண்டிய இடத்தில் கரகரவென்று ஏதோ வரும். இதை ‘பழைய தட்டு, அப்படித்தான்’ என்று நாம் பழகிக்கொண்டுவிட்டோம்.

சரிசெய்ய வழி இருக்கிறது. மெல்லிய பக்கவாட்டு முனை கொண்ட முட்கள், எழுபதுகளில் ஜப்பானில் நாலு சேனல் தட்டுகளுக்காகக் கண்டுபிடித்த ஷிபாட்டா வடிவம் போன்றவை, அந்த மடிப்புக்குள் இறங்கும். இதற்குக் கொடுக்கிற காசு வீண் இல்லை. இன்னொரு வழிக்குக் காசே வேண்டாம். ஆணியில் சுழலும் எந்த டோன்ஆர்மும் தட்டின் இரண்டே இடங்களில்தான் தடத்துக்குச் சரியாக நேர்க்கோட்டில் நிற்கும். அந்த இரண்டு இடங்களை எங்கே வைப்பது என்பதற்கு 1938-ல் லோஃப்கிரன், 1941-ல் பெயர்வால்ட், 1966-ல் ஸ்டீவன்சன் என்று தனித்தனிக் கணக்குகள். முதல் இருவரும் பிழையைத் தட்டு முழுக்கப் பரப்பிக் குறைக்கிறார்கள். ஸ்டீவன்சன் ஓர் இடத்தை லேபிளுக்குப் பக்கத்திலேயே வைத்துவிடுகிறார், நடுவில் கொஞ்சம் பிழை கூடினாலும் பரவாயில்லை என்று. பொதுவாக முதல் வகையைத்தான் சிபாரிசு செய்வார்கள். கச்சேரித் தட்டுக்கு ஸ்டீவன்சன்தான் சரி என்பேன். பிழை எங்கே விழலாம், எங்கே விழக்கூடாது என்பது வடிவியல் முடிவு செய்கிற விஷயம் இல்லை. தனி ஆவர்த்தனம் முக்கியமா, வர்ணம் முக்கியமா என்று கேட்கிறவன்தான் முடிவு செய்ய வேண்டும்.

அண்ணனின் டேனிஷ் ஆசைக்கும் பதில் சொல்லியாக வேண்டும். ஆர்டோஃபோன் 1918-ல் பேசும் படத்துக்கான ஒலியைத் தேடிக் கோபன்ஹேகனில் தொடங்கியது. 1959-ல் ராபர்ட் குட்மண்ட்சன் வடிவமைத்த எஸ்பியு, ஸ்டீரியோ காலத்தின் ஆரம்பத்திலிருந்து இன்றுவரை தொடர்கிறது. கேட்டிருக்கிறேன். நடுஸ்தாயியில் ஒரு சதைப்பற்று இருக்கிறது, குரலுக்கு அது அப்படிப் பொருந்தும். ஆனால் ஹெட்ஷெல்லோடு சேர்த்து முப்பது கிராமுக்கு மேல் எடை, மூன்றிலிருந்து ஐந்து கிராம் அழுத்தம், கனமான டோன்ஆர்ம் வேண்டும், மின்னழுத்தம் குறைவு என்பதால் தனி டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அவ்வளவும் செய்தால் ஒரு அலமாரிக் கட்டுக்குத்தான் சரிவரும். மூன்று கட்டுக்கும் மூன்று எஸ்பியு வாங்க மூணு லட்சம் எந்த மூலைக்கு?

அதே கம்பெனியின் எளிய 2எம் வரிசை அவருக்குப் போதும். ஸ்டீரியோவுக்கு ஒன்று, மோனோவுக்கு ஒன்று, 78-க்கு ஒன்று என மூன்றும் உண்டு. டோன்ஆர்மோடு பொருந்துமா என்று பார்க்க ஒரு கணக்கு இருக்கிறது. ஆர்மின் செயல் எடையையும் காட்ரிட்ஜின் எடையையும் கூட்டி, முள்ளின் நெகிழ்வால் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, 159-ஐ அதால் வகுத்தால் ஒத்ததிர்வு ஹெர்ட்ஸில் வரும். எட்டிலிருந்து பன்னிரண்டுக்குள் இருக்க வேண்டும். கீழே போனால் வளைந்த தட்டில் ஆர்ம் துள்ளும், மேலே போனால் இசைக்குள் வந்து மூக்கை நுழைக்கும். டெக்னிக்ஸ் ஆர்முக்குச் சுமார் 12 கிராம், 2எம் ஏழு கிராம் சொச்சம், நெகிழ்வு 20. எட்டு வருகிறது. விளிம்புதான், ஆனால் உள்ளே.

ரேகா நிறுவனத்தின் ஆர்பி300 போல ஒரே வார்ப்பில் செய்த ஆர்ம்கள் இதைவிட விறைப்பானவை, நல்லவை. 1983-ல் அது வந்தபோது விலைக்கு அது ஓர் அதிசயம். ஆனால் அதில் ஹெட்ஷெல்லைக் கழற்ற முடியாது. கழற்றி மாட்டும் இணைப்பு ஆர்மின் விறைப்பைக் குறைக்கும் என்பது உண்மை. அந்தச் சிறு இழப்பை ஏற்றுக்கொண்டால் மூன்று ஹெட்ஷெல்லில் மூன்று முள்ளை வைத்துக்கொண்டு, அப்பாவின் மூன்று கட்டையும் கேட்கலாம். விறைப்பு வேண்டுமா, மூன்று கட்டும் வேண்டுமா என்றால் நான் யோசிக்கவே மாட்டேன். ஒரே எச்சரிக்கை, கடலோர உப்புக் காற்றில் அந்த இணைப்பின் ஊசிகள் பச்சை பிடிக்கும், அவ்வப்போது துடைக்க வேண்டும். பெல்ட்டைப் பற்றி ஒன்று. தரங்கம்பாடிக் கடற்கரை ஓசோன் நிறைந்தது என்று சுற்றுலாக்காரர்கள் விளம்பரம் செய்கிறார்கள். ரப்பரை வெடிக்கவைப்பதில் ஓசோனுக்கு நிகரில்லை, ஆகவே விளம்பரம் நிஜமென்றால் பெல்ட் டிரைவ் வாங்குகிறவர்கள் இங்கே வீடு பார்க்கக்கூடாது. எல்பி12-இன் ஸ்பிரிங் தொங்கலும் அப்படித்தான். நடந்தால் அதிரும் மரத்தளத்துக்கு அது அருமையான தீர்வு. அண்ணன் வீட்டில் கீழ்த்தளம், செங்காவித் தரை, யானை நடந்தாலும் முள் குதிக்காது.

இன்னும் இரண்டு சில்லறை விஷயம், சில்லறைக் காசுக்கு. மோனோ தட்டில் ஆம்ப்ளிஃபையரின் மோனோ பட்டனை அழுத்துங்கள், செங்குத்தாக வரும் இரைச்சல் தன்னைத்தானே அடித்துக்கொண்டு பாதி காணாமல் போகும். 78 போடும்போது சாதாரண ஃபோனோ ஸ்டேஜ் வேண்டாம். 1954-க்குப் பிறகு நிலைபெற்ற ஆர்ஐஏஏ வளைவு, பத்தாயிரம் ஹெர்ட்ஸில் ஏறக்குறைய 14 டெசிபல் குறைக்கிறது, பதிவில் அந்த அளவு தூக்கியிருப்பார்கள் என்ற நம்பிக்கையில். எச்எம்வி, கொலம்பியா குடும்பத்துப் பழைய 78-களில் அப்படித் தூக்கவே இல்லை. விளைவு, சீவாளியின் கூர்மை முழுக்க மழுங்கி, போர்வைக்குள்ளிருந்து வாசிப்பது போல நாகஸ்வரம் கேட்கும். அதைத்தான் நாம் ‘பழைய காலத்துச் சத்தம்’ என்று கண்ணை மூடி ரசித்துக்கொண்டிருக்கிறோம். வளைவை மாற்றக்கூடிய ஃபோனோ ஸ்டேஜ் வாங்குங்கள், பிளாட்டர் எடையில் மிச்சம் பிடித்து.

மதிப்புரைகளின் மொழி பற்றியும் சொல்லிவிட வேண்டும். சவுண்ட்ஸ்டேஜ், இமேஜிங், கறுப்பான பின்னணி. வாத்தியங்கள் எங்கே நிற்கின்றன, மேடை எவ்வளவு அகலம் என்று ஸ்பீக்கருக்கு நடுவே ஒரு காலி அரங்கைக் கட்டி எழுப்பும் மொழி. ‘ஹவ் டு நேம் இட்’டுக்கு இந்த மொழி பொருந்தும். ராஜா அந்த வயலின்களை அப்படித்தான் பரப்பி வைத்திருக்கிறார், அதற்கு நல்ல ஸ்டீரியோ முள் போடாதது அவருக்குச் செய்யும் அநியாயம். ஆனால் மோனோவில் மேடையே கிடையாது. நாகஸ்வரமோ அரங்கத்துக்கான வாத்தியமே இல்லை. நாலு மாட வீதியும் கேட்க வேண்டும் என்று செய்த வாத்தியத்தை ஒரு சின்ன அறைக்குள் அடைத்து, மூன்று நிமிஷச் சொச்சத்தில் முடிக்கச் சொல்லிப் பதிந்தார்கள். மணிக்கணக்காகத் தோடி வாசித்தவர் பத்து அங்குலத் தட்டின் இரண்டு பக்கத்துக்குள் அதை நிறுத்திக் காட்டினார். அங்கே கேட்க வேண்டியது அகலத்தை இல்லை. அவசரமே இல்லாத மாதிரி அவர் எப்படி அந்த மூன்று நிமிஷத்தைப் பங்கிட்டார், மூச்சை எங்கே மறைத்தார், காந்தாரத்தில் எவ்வளவு நேரம் நின்றார் என்பதைத்தான். அதற்கு வேகமும் முள்ளும் வளைவும் சரியாக இருந்தால் போதும்.

அண்ணன் கடைசியில் டெக்னிக்ஸும் மூன்று முட்களும் வாங்கினார். மிச்சப் பணத்தில் அலமாரிக்குக் கதவு போட்டார், அரக்குத் தட்டில் பூஞ்சை ஏறிக்கொண்டிருந்தது. எஸ்பியு ஆசை இன்னும் போகவில்லை, “பாத்துக்கலாம் தம்பி” என்கிறார். போன மாதம் லேபிள் அழிந்துபோன ஒரு நாகஸ்வரத் தட்டை ஸ்லைடரோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்திருந்தோம். சரியாக 78-ல் ஒத்து இரண்டு கட்டைக்கும் இரண்டரைக்கும் நடுவில் எங்கேயோ நின்றது. இரண்டரைக்கு ஏற்றலாம் என்றார் அவர், பாரி நாயனம் என்றால் அதுதானே. ஆனால் அது பாரி என்று நமக்கு எப்படித் தெரியும்? ஸ்ருதியை வைத்துத்தான். ஸ்ருதி எப்படித் தெரியும்? பாரி என்று எடுத்துக்கொண்டுதான். சுற்றிச் சுற்றி அதே தடத்தில் வந்து நிற்கிறோம். தட்டைத் திருப்பிப் போட்டால் இரண்டாம் பக்கம் முதல் பக்கத்தைவிட ஒரு சதவீதம் மேலே நின்றது. ஒரே நாளில் வாசித்ததுதான், ஒரே ஒத்துதான். எந்தப் பக்கத்தை நம்புவது?

“குரல் மாதிரி வாத்தியத்துக்கும் வயசு தெரியுமில்லையா தம்பி, வேகமா சுத்தினா சீவாளி குழந்தை மாதிரி ஆயிரும்,” என்று சொல்லி அவர் ஸ்லைடரை மெல்ல நகர்த்திக்கொண்டே போனார். பிர்காக்கள் மனித விரல் போடக்கூடிய வேகத்தில் விழும் இடம் என்று அவருக்குப் பட்ட இடத்தில் நிறுத்தினார். முதல் பக்கத்துக்கு +2.5, இரண்டாம் பக்கத்துக்கு +1.5. எனக்கு இன்னும் அரை சதவீதம் இறக்கலாம் என்று பட்டது. பழுப்பு உறையின் மூலையில் பென்சிலால் இரண்டு எண்களையும், பக்கத்தில் என் எண்ணையும், தேதியையும், எந்த முள் என்பதையும் எழுதி, கேள்விக்குறி ஒன்று போட்டு உள்ளே வைத்தார்.